கார்டை மூடுகிறேன் என்று சொன்னால் போனஸ் பாயிண்ட்ஸ் தருவார்களா? வருடக் கட்டணம், ரிடென்ஷன் ஆஃபர் (கார்டை மூடாமல் தக்கவைக்க வங்கி தரும் சலுகை) பற்றி

உறையூர்க்காரி (புதன், காலை 10:12)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னிடம் ஒரு டிராவல் கிரெடிட் கார்டு மூன்று வருடமாக இருக்கிறது. வருடக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி 900, ஆக 5,900 ரூபாய் இந்த மாத ஸ்டேட்மெண்டில் ஏறிவிட்டது. முதல் வருடம் வெல்கம் பாயிண்ட்ஸ் வந்ததால் கட்டணம் பெரிதாகத் தெரியவில்லை. போன வருடம் யோசிக்காமல் கட்டிவிட்டேன். இந்த வருடம் மனசு வரவில்லை.

தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா பேரனை இதுவரை வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது, தனியாக விமானம் ஏற மாட்டார், நானும் கூடப் போக வேண்டும். சேர்ந்திருக்கும் பாயிண்ட்ஸை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலாக (டிக்கெட் எடுக்க உதவும் புள்ளி) மாற்றி, இரண்டு பேருக்கும் போகிற டிக்கெட்டை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். என் கார்டில் 2 பாயிண்டுக்கு 1 மைல். கணக்குப் பார்த்ததில் இன்னும் 5,500 மைல் குறைகிறது.

ஆபீஸில் ஒருவர், வங்கிக்குப் போன் பண்ணி "கார்டை மூடணும்" என்றால் போனஸ் பாயிண்ட்ஸ் தருவார்கள் என்கிறார். உண்மையா? என்ன பேச வேண்டும்? பொய் சொல்லி மிரட்டுவதெல்லாம் எனக்கு வராது.

மைல்கல் (புதன், காலை 11:40)

வாங்க சகோதரி. தருவாங்க. ஆனா எல்லாருக்கும், எல்லா வருஷமும், கேட்ட அளவுக்குத் தருவாங்கன்னு இல்ல.

கார்டு கம்பெனிக்குப் புதுசா ஒரு ஆளைப் பிடிக்க விளம்பரம், ஏஜெண்ட் கமிஷன், வெல்கம் பாயிண்ட்ஸ்னு நல்ல செலவு. ஏற்கெனவே மாசாமாசம் கார்டு தேய்க்கிற, பில்லை ஒழுங்கா கட்டுற உங்களைத் தக்கவைக்க அதைவிடக் குறைவாத்தான் ஆகும். அந்த வித்தியாசத்துல ஒரு பங்கைத்தான் நீங்க கேக்கறீங்க. இதுல மிரட்டலும் இல்ல, கெஞ்சலும் இல்ல. அதனால பொய்யே வேண்டாம். உங்க நிலைமையே போதும்: "5,900 கட்டணம் வந்திருக்கு. இந்தக் கட்டணத்துக்குக் கார்டை வச்சுக்கறது எனக்குக் கட்டுப்படியாகல. மூடலாமான்னு யோசிக்கறேன். அதுக்கு முன்னாடி என் கணக்குக்கு ஏதாவது ஆஃபர் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." இவ்வளவுதான்.

போன் பண்றதுக்கு முன்னாடி போன 12 மாசத்துல இந்தக் கார்டுல எவ்வளவு செலவு பண்ணியிருக்கீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்குங்க. சில கார்டுல இவ்வளவு செலவு பண்ணினா கட்டணமே தள்ளுபடின்னு விதியிலயே இருக்கும். உதாரணமா எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டுல 2,500 கட்டணம், வருஷத்துக்கு 4 லட்சம் செலவானா தள்ளுபடி. உங்க கார்டுலயும் அப்படி ஒரு வரம்பு இருந்து, நீங்க பத்தாயிரம் இருபதாயிரத்துல அதைத் தவறவிட்டிருந்தா, அதையே சொல்லிக் கேளுங்க. அந்த மாதிரி கேஸ்ல ஒத்துக்கறது அதிகம்.

ஓய்வுபெற்ற காசாளர் (புதன், மதியம் 1:05)

அம்மா, நான் முப்பத்து நான்கு ஆண்டு வங்கியில் இருந்தவன். ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறீர்களா, அல்லது குறைந்தபட்சத் தொகையா?

நம் நாட்டில் அட்டைப் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி சர்வசாதாரணம். ஆண்டுக் கணக்கில் 42 சதவீதத்தைத் தாண்டும். பாக்கி வைத்தால் அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஒரு மாதம் 50,000 ரூபாயை உருட்டினால் 1,750 ரூபாய்க்கு மேல் போயிற்று. எந்தப் புள்ளியும் அதை ஈடுகட்டாது. முழுத் தொகை கட்டுபவர் என்றால் மட்டும் மேலே பேசலாம்.

உறையூர்க்காரி (புதன், மதியம் 1:30)

முழுத் தொகைதான் ஐயா. இந்த மூன்று வருடத்தில் ஒரு பைசா வட்டி கட்டியதில்லை. ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர் (புதன், மதியம் 1:48)

நல்லது. அப்படியானால் தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இன்னொன்று: பேச்சு நடக்கும்போதே கெடு தேதி வந்துவிட்டால் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு தள்ளுபடி கிடைத்தால் கணக்கில் வரவாக வரும். கட்டணத்தை மட்டும் நிறுத்தி வைத்தால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும், சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவிலும் கறை விழலாம்.

பாளை பார்ட்டி (புதன், மாலை 6:22)

நான் பட்டதைச் சொல்றேன், நீங்க படாதீங்க.

ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி ஒரு வங்கிக்குப் போன் போட்டேன். பேரு வேண்டாம். "ஆஃபர் இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்காம, எடுத்த எடுப்புலயே "கார்டைக் குளோஸ் பண்ணுங்க" என்று சொல்லிட்டேன். கெஞ்சிக்கிட்டு வருவாங்கன்னு நெனப்பு. அந்தப் பையன் ரொம்ப மரியாதையா "சரி சார், ரெக்வெஸ்ட் போட்டுட்டேன், வேற ஏதாவது உதவி வேணுமா" என்றான். நானும் வீம்புல வச்சுட்டேன். நாலாம் நாள் கார்டு மூடியாச்சுன்னு மெசேஜ். உள்ள 41,000 பாயிண்ட்ஸ் இருந்துச்சு. எல்லாம் போச்சு. விதியிலேயே இருக்காம், மூடினா மிச்சப் பாயிண்ட்ஸ் ரத்துன்னு. அந்தப் பாயிண்ட்ஸ்ல வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு அந்தமான் போறதா இருந்தோம். இன்னும் போகல.

அக்கா, இருக்கற பாயிண்ட்ஸுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போனை எடுங்க.

மைல்கல் (புதன், மாலை 7:10)

பாளை அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. "மூடுங்க"ங்கறது உத்தரவு, "மூடலாமான்னு யோசிக்கறேன்"ங்கறது பேச்சுவார்த்தை. முன்னதைச் சொன்னா அவங்க செஞ்சுதான் ஆகணும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்னிக்கு வெளியிட்ட கார்டு விதிகள்படி, பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டா 7 வேலை நாளுக்குள்ள மூடணும். தாமதமானா ஒரு நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்கணும். தபால்ல எழுதி அனுப்புங்கன்னு கட்டாயப்படுத்தக் கூடாது, ஹெல்ப்லைன், ஈமெயில், ஆப்னு வழி வச்சிருக்கணும்.

முன்னெல்லாம் மூடணும்னு சொன்னா மாசக்கணக்குல இழுத்தடிப்பாங்க, அந்த இழுப்புல ரெண்டு மூணு ஆஃபர் வரும். இப்ப அந்த இடைவெளி ரொம்பக் குறைவு. இந்த விதி நமக்குப் பெரிய பலம், நான் அதை மனசார வரவேற்கறேன். ஆனா வெறும் வாய்ப்பேச்சா மூடச் சொல்றவங்களுக்கு அதுவே ஆபத்து. வேண்டாம்னு நிஜமாவே முடிவு பண்ணினவங்க மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லணும்.

இரவு ஷிஃப்ட் (புதன், இரவு 11:54)

நான் இதற்கு அந்தப் பக்கம் இருந்தவள். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு வங்கிக்காக ரிடென்ஷன் டெஸ்க்கில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். எல்லா வங்கியும் அப்படியே என்று சொல்ல மாட்டேன், நான் இருந்த இடத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் முதலில் பேசுபவரிடம் பெரும்பாலும் எந்த ஆஃபரும் இருக்காது. அவருடைய திரையில் உங்கள் பாக்கி, கெடு தேதி, புகார் இவைதான் தெரியும். மூடுவது பற்றிப் பேச்சு எடுத்தால்தான் எங்கள் டெஸ்க்குக்கு மாற்றுவார். எங்கள் திரையில் அந்தக் கார்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று சிஸ்டமே ஒன்று அல்லது இரண்டு வரி காட்டும். பாதிக் கட்டணம், முழுக் கட்டணம், இவ்வளவு செலவுக்கு இவ்வளவு பாயிண்ட்ஸ், இப்படி. அந்த வரியில் இல்லாததை நாங்கள் தர முடியாது. கத்தினாலும் முடியாது, அழுதாலும் முடியாது. பலர் அழுதிருக்கிறார்கள். எனக்கும் தொண்டை அடைத்திருக்கிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை.

இரண்டு வரி இருந்தால் சின்னதை முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. "வேறு ஏதாவது இருக்கிறதா, பாயிண்ட்ஸாகக் கிடைக்குமா" என்று கேட்டால் மட்டும் இரண்டாவதைச் சொல்லலாம். அதனால் தயவுசெய்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கேட்காமல் முதல் ஆஃபருக்கே நன்றி சொல்லி வைத்தவர்கள்தான் அதிகம். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரண்டு வரியும் பிடிக்கவில்லையா, "யோசித்துவிட்டு அழைக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். எங்கள் இடத்தில் ஆஃபர் பட்டியல் மாதம் திரும்பும்போது மாறும். இன்று இல்லாதது பத்து நாளில் இருக்கலாம். மாதக் கடைசியில் கூப்பிட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள், எனக்குத் தெரிந்து அதில் வித்தியாசம் இருந்ததில்லை.

ஆஃபரை ஏற்றுக்கொண்டால் இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செலவு கணக்கு, பரிவர்த்தனை நாள் கணக்கா, பதிவாகும் நாள் கணக்கா, எந்தெந்தச் செலவு சேராது, பாயிண்ட்ஸ் எத்தனை நாளில் ஏறும், கட்டணத் தள்ளுபடி என்றால் ஜிஎஸ்டியும் திரும்புமா, கார்டை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும். கடைசியாகச் சர்வீஸ் ரெக்வெஸ்ட் எண். அந்த எண் இல்லாமல் மூன்று மாதம் கழித்து வந்து கேட்டவர்களுக்கு எங்களால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

உறையூர்க்காரி (வியாழன், காலை 8:15)

இரவு ஷிஃப்ட், தூக்கத்தை விட்டு எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நன்றிம்மா. "பாயிண்ட்ஸாகக் கிடைக்குமா" என்ற கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது.

நெவார்க் தமிழன் (வியாழன், காலை 9:02)

நியூஜெர்சியிலிருந்து. இங்கே இது வருடா வருடம் செய்கிற வேலை. வருடக் கட்டணம் ஏறுகிற ஏற்றத்தில் வேறு வழியும் இல்லை: அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கோல்டு கார்டு 2024-இல் 250 டாலரிலிருந்து 325 ஆனது, சேஸ் வங்கியின் சஃபையர் ரிசர்வ் 2025-இல் 550-லிருந்து 795, அதே வருடம் அமெக்ஸ் பிளாட்டினம் 695-லிருந்து 895. குடும்பத்தோடு ஊருக்கு வந்துபோக நாலு டிக்கெட் வேண்டும் என்பவனுக்கு இந்தப் பாயிண்ட்ஸ் ஆடம்பரம் இல்லை. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது, லண்டனோ தோஹாவோ ஃபிராங்க்ஃபர்ட்டோ சுற்றித்தான் வர வேண்டும், விடுமுறையில் விலை எகிறிவிடும்.

இங்கே அமெக்ஸில் கட்டணம் ஏறிய ஸ்டேட்மெண்ட் முடிந்து 30 நாளுக்குள் மூடினால் கட்டணம் முழுதாகத் திரும்பும். அதனால் எல்லாரும் அந்த 30 நாளுக்குள் கேட்பார்கள். சாட்டிலேயே கேட்கலாம், எழுத்தில் பதிவும் இருக்கும். ஆஃபரை எடுத்துக்கொண்டு ஒரு வருடத்துக்குள் மூடினால் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கலாம், அதையும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வித்தியாசம். அமெக்ஸின் வெல்கம் போனஸ் இங்கே ஒரு கார்டுக்கு வாழ்நாளில் ஒரு தடவை. மூடிவிட்டுத் திரும்ப வாங்கினாலும் அது வராது. அதனால் உள்ளே இருந்துகொண்டே கேட்பதுதான் லாபம். சகோதரி, உங்கள் வங்கியில் இது எப்படி என்று விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறையூர்க்காரி (வெள்ளி, மதியம் 12:40)

பேசிவிட்டேன்! முதலில் எடுத்தவர் மாற்றிவிட, இரண்டாவதாக ஒரு பெண் பேசினார். பொறுமையான குரல். முதல் ஆஃபர்: 90 நாளில் 1 லட்சம் செலவு செய்தால் பாதிக் கட்டணம் திரும்பும், அதாவது ஜிஎஸ்டி சேர்த்து 2,950. "பாயிண்ட்ஸாகக் கிடைக்குமாம்மா" என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, 90 நாளில் 1,20,000 செலவு செய்தால் 12,000 போனஸ் பாயிண்ட்ஸ் தரலாம், ஆனால் கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எது நல்லது?

ஓய்வுபெற்ற காசாளர் (வெள்ளி, மதியம் 2:10)

ரொக்கம் ரொக்கம்தான் அம்மா. 2,950 ரூபாய் நாளைக்கும் 2,950 ரூபாய்தான். புள்ளியின் மதிப்பை வங்கியும் விமான நிறுவனமும் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். ஆக்சிஸ் மேக்னஸ் அட்டையில் மாதம் 1 லட்சம் செலவுக்கு 25,000 புள்ளி கொடுத்துவந்தார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அது நின்றது. மைலாக மாற்றும் விகிதமும் 5-க்கு 4 என்பதிலிருந்து 5-க்கு 2 ஆனது, அதாவது பாதி. சேர்த்து வைத்தவர்களின் கையிருப்பு ஒரு தேதியில் பாதியாயிற்று. நான் பாதிக் கட்டணத்தைத்தான் எடுப்பேன்.

மைல்கல் (வெள்ளி, மாலை 4:35)

ஐயா சொல்ற ஆபத்து நிஜம். ஆனா அது சேர்த்து வச்சுக்கிட்டே இருக்கறவங்களுக்கு. இவங்க மூணு நாலு மாசத்துல செலவழிக்கப் போறாங்க. கணக்கைப் போட்டுப் பாத்துடுவோம்.

மைலோட மதிப்பை இப்படிப் பாருங்க. எண்ணெல்லாம் உதாரணம்தான். காசு கொடுத்தா டிக்கெட் 24,000. மைல்ல எடுத்தா 18,000 மைலும் வரி 6,000 ரூபாயும். அப்ப மைல் மிச்சப்படுத்தினது 18,000 ரூபாய், ஒரு மைல் ஒரு ரூபாய். உங்க தேதிக்கு உங்க விமானத்துக்கு இதே கணக்கைப் போடுங்க. ஒரு ரூபா வந்துச்சுன்னா 12,000 பாயிண்ட்ஸ், அதாவது 6,000 மைல், 6,000 ரூபாய். கட்டணம் 5,900. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பாதிக் கட்டண வழில கையிலிருந்து போறது 2,950, பாயிண்ட்ஸ் வழில போனஸோட மதிப்பைக் கழிச்சா ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. அப்ப பாயிண்ட்ஸ்தான். ஒரு மைல் அம்பது பைசாதான் வருதுன்னா போனஸோட மதிப்பு 3,000, ரெண்டும் ஒண்ணு, ஐயா சொன்னபடி ரொக்கத்தையே எடுங்க.

ஆனா உங்க கேஸ்ல இன்னொண்ணு இருக்கு. உங்களுக்குக் குறையறது 5,500 மைல். அது இல்லாம ஏற்கெனவே இருக்கறதும் டிக்கெட்டா மாறாது. அதனால அந்தக் கடைசி 5,500 உங்களுக்கு மத்தவங்களைவிட ஒசத்தி.

ஒரே ஒரு நிபந்தனை. 1,20,000 நீங்க எப்படியும் பண்ணப் போற செலவா இருக்கணும்.

ஓய்வுபெற்ற காசாளர் (வெள்ளி, மாலை 5:20)

அந்தக் கடைசி 5,500 மைல் என்ற வாதத்தை ஏற்கிறேன். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. செலவுப் பட்டியலைப் போடுங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்.

உறையூர்க்காரி (வெள்ளி, இரவு 9:05)

மளிகை, மருந்து, போன், துணி என்று மாதம் 24,000 முதல் 26,000 வரை கார்டில் போகும். மூன்று மாதத்தில் 75,000. ஃப்ரிட்ஜ் ஓட்டை, கம்ப்ரஸரே போய்விட்டது, எப்படியும் வாங்க வேண்டும், 32,000. தம்பி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குச் சீர் 15,000 ரூபாய்க்குப் பாத்திரமாக எடுப்பதாக ஏற்கெனவே முடிவு. மொத்தம் 1,22,000. பெட்ரோலைச் சேர்க்கவில்லை, கணக்கில் வராது என்று அந்தப் பெண் சொன்னார். வாடகை, வாலட், இன்சூரன்ஸும் சேராதாம்.

ஓய்வுபெற்ற காசாளர் (வெள்ளி, இரவு 9:31)

பட்டியல் நேர்மையாக இருக்கிறது. ஃப்ரிட்ஜைக் கடையில் மாதத் தவணையாக மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். தவணைக்குப் போன தொகையைப் பல வங்கிகள் இத்தகைய கணக்கில் சேர்ப்பதில்லை. 2,000 ரூபாய் இடைவெளி போதாது. ஏதாவது ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழிந்துவிடும். 1,25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், கெடுவுக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

தேக்கா வாசி (சனி, காலை 7:48)

சிங்கப்பூரிலிருந்து வணக்கம். கிரிஸ்ஃப்ளையர் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன் அக்கா.

உங்கள் மைலில் அம்மாவுக்கும் டிக்கெட் எடுக்கலாம். கணக்கில் அவரை நாமினியாகச் சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரை சேர்க்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் பேர் போடுங்கள். நம் ஊர் இனிஷியல் குழப்பத்தில் பலர் மாட்டியிருக்கிறார்கள்.

பாயிண்ட்ஸை மைலாக மாற்றினால் திரும்ப வங்கிக்கு வராது. அதனால் சேவர் சீட் (குறைந்த மைலில் கிடைக்கும் சீட்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றிய நாளிலிருந்து மூன்று வருடம் மைல் செல்லும், ஆகவே பதற்றம் வேண்டாம்.

திருச்சியிலிருந்து ஸ்கூட் என்ற சிக்கன விமானம் வருகிறது, அம்மாவுக்கு அதுதான் சௌகரியம் என்று தோன்றும். ஆனால் மைலுக்கு நல்ல மதிப்பு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில்தான், அதற்குச் சென்னை போக வேண்டும். போகும்போது சென்னை வழியாக மைலில் வாருங்கள், திரும்பும்போது ஸ்கூட்டில் காசு கொடுத்து நேரே திருச்சிக்கு இறங்குங்கள். என் மாமியாரை அப்படித்தான் அழைத்து வந்தோம். இன்னொன்று, மாதா மாதம் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் என்று அடுத்த மாதப் பயணத்துக்குச் சில ஊர்களுக்கு 30 சதவீதம் குறைவான மைலில் சீட் விடுவார்கள். தேதி மாற்ற முடியாது, ரத்தும் இல்லை. வயதானவர்களோடு வரும்போது அது சரிப்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உறையூர்க்காரி (சனி, காலை 10:20)

தேதி மாற்ற முடியாதது எங்களுக்கு வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, கடைசி நேரத்தில் ஏதாவது ஆகலாம்.

மறுபடி போன் செய்து பாயிண்ட்ஸ் ஆஃபரை எடுத்துக்கொண்டேன். நல்லவேளை, அதே ஆஃபர் இருந்தது. ரெக்வெஸ்ட் எண், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எல்லாம் டைரியில். பதிவாகும் நாள்தான் கணக்கு என்றார்கள்.

உறையூர்க்காரி (மூன்றரை மாதம் கழித்து, செவ்வாய், மாலை 6:45)

இந்த இழையை மறக்கவில்லை. 1,26,400 ரூபாய், கெடுவுக்கு 12 நாள் முன்பே முடித்தேன். சொன்ன தேதியில் 12,000 பாயிண்ட்ஸ் ஏறவில்லை. ஒரு வாரம் பொறுத்து ரெக்வெஸ்ட் எண்ணைச் சொல்லிக் கேட்டேன். ஆறாம் நாள் ஏறியது. எண் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இரவு ஷிஃப்ட், உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சீட் இரண்டு பார்த்து வைத்து, மைல் மாற்றி, நேற்று இரவு டிக்கெட் எடுத்தாயிற்று. மைல்கல் சொன்ன கணக்கைப் போட்டேன், எங்கள் தேதிக்கு ஒரு மைல் 90 பைசா வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டும் புதுப்பித்து வந்துவிட்டது. விசாவுக்கு ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறோம்.

பாளை பார்ட்டி (செவ்வாய், மாலை 7:15)

மனசு நெறஞ்சுது அக்கா. நானும் புதுசா ஒரு கார்டுல சேர்த்துக்கிட்டு வர்றேன், இந்த வருசக் கட்டணத்துக்கு அந்த ஒத்தக் கேள்வியக் கேக்கப் போறேன்.

தேக்கா வாசி (செவ்வாய், இரவு 8:30)

அக்கா, சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளங்களில் போடாதீர்கள். அம்மாவின் மருந்துக்கு டாக்டர் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். வீல்சேர் வேண்டுமென்றால் இப்போதே டிக்கெட்டில் போட்டுவிடலாம்.

உறையூர்க்காரி (செவ்வாய், இரவு 8:52)

வீல்சேர் வேண்டாமாம், பேரனைப் பார்க்க நடந்தே போவாராம். ஜன்னல் சீட்தான் கேட்கிறார்.